நிலமும் பொழுதும்: ஐஸ்லாந்தின் தென்கரையில் கேமராவுடன்

ஐஸ்லாந்துக்குப் படமெடுக்கச் செல்ல விரும்பும் நண்பர்கள், அங்கே எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் போகலாம் என்பது அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. ஜூன் இறுதியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து, மூன்று மணிக்கெல்லாம் மீண்டும் எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் இருட்டுவதில்லை என்பதால் அந்த மாதத்தில் அரோரா எனப்படும் துருவ ஒளியைக் காண வழியே இல்லை. டிசம்பரிலோ பகல் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே இருக்கும். உள்நாட்டு மலைப்பாதைகள் பனியால் மூடப்பட்டிருக்கும். செப்டம்பரில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. பாறைகளின் மேல் பாசி பசுமை குன்றாமல் இருக்கிறது, திங்வெல்லிர் சமவெளியில் குட்டையான பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறுகின்றன, இரவு நன்றாக இருட்டுகிறது. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே செப்டம்பர் நடுவில் புறப்பட்டேன். இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை என்பதால் பயணத் தேதியை மிக முன்னதாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கும். முடிவு செய்யும்போது விமானக் கட்டணத்தை விடச் சூரியனின் நடையைக் கவனியுங்கள் என்பதே என் பரிந்துரை.

சூரியனின் நடை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து கிளம்பி ஆறு பாகை உயரத்துக்கு வர ஏறக்குறைய 25 நிமிடங்கள் போதும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது, செங்குத்தாகவே இறங்குகிறது. ஐஸ்லாந்தின் தென்கரை வடக்கு அட்சரேகை 63 பாகைக்கு மேல் இருக்கிறது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக நகர்வதால், அதே ஆறு பாகையைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக எடுத்துக்கொள்கிறது. செப்டம்பர் இறுதியில் உச்சிவேளையிலும் அது 26 பாகைக்கு மேல் உயர்வதில்லை. எனவே நாம் காலை எட்டு மணிக்குக் காணும் நீண்ட நிழல்கள் அங்கே நண்பகலிலும் விழுகின்றன. ஒரு குன்றின் மடிப்புகள், உழவு கண்ட நிலத்தின் வரிகள், எரிமலைக் குழம்பு உறைந்த மேடுபள்ளங்கள் யாவும் பகல் முழுவதும் உருவத்தோடு நிற்பதற்கு இந்தச் சாய்வொளியே காரணம். மேகம் விலகும் வரை காத்திருந்து, விலகிய பின்னும் அவசரப்படாமல் இடத்தை மாற்றி மாற்றிப் படமெடுக்க நேரம் கிடைக்கிறது.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்த தமிழ் இலக்கண மரபில் வந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனால் ஐஸ்லாந்தில் எனக்குப் புலப்பட்டது இன்னும் ஒரு படி மேலான செய்தி: அங்கே நிலமே பொழுதுக்கு உட்பட்டது. நிலக்காட்சிப் படம் என்றால் காலத்தைக் கடந்த, என்றும் மாறாத ஒன்றைக் காட்டுவது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வட அமெரிக்க, யூரேசியக் கண்டத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் இரண்டு செ.மீ. விலகிக்கொண்டிருக்கும் நாட்டில், பனியாறுகள் கண்ணெதிரே பின்வாங்கும் நாட்டில், அந்த எண்ணம் நிற்பதில்லை. விமானம் இறங்கும் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் 2021 மார்ச்சில் எரிமலை வெடிப்பு தொடங்கியது. 2023 நவம்பரில் கிரிந்தாவிக் என்ற மீனவ ஊர் காலி செய்யப்பட்டது. 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு அவ்வூரின் வீடுகள் சிலவற்றை எரித்தது. அந்தத் தீபகற்பத்தில் 2020-இல் எடுத்த ஒரு நிலக்காட்சிப் படம் இன்று வரலாற்று ஆவணம். ஆகவே, எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நாளும் நேரமும் இடமும் குறித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நாட்டைச் சுற்றி வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை 1,300 கி.மீ.க்கு மேல் நீளமுடையது. நான் தென்கரைப் பகுதியோடு நிறுத்திக்கொண்டேன். முழு வட்டத்தையும் சுற்றிவிட வேண்டும் என்று ஓடுபவர்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது, காத்திருக்காமல் அங்கே படம் கிடைக்காது. அகலக் கோணத்துக்கு 16–35 மி.மீ., தொலைவுக்கு 70–200 மி.மீ. என இரண்டு லென்ஸ்களே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. பொருள்களில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் லென்ஸ் துடைக்கும் துணி என்பேன். ஒரு கட்டு வேண்டும். மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, காற்றோடு பக்கவாட்டிலும் வருகிறது. காற்று எவ்வளவு பலமானது என்பதற்கு, வாடகைக் காரின் கதவைத் திறக்கும்போது கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கூறும் அறிவிப்புகளே சான்று. டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டித் தாழ்வாக வைத்தால்தான் படம் அசையாமல் வரும். காலையில் எழுந்ததும் ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் மேகப்படத்தையும் சாலை நிலவரத்தையும் பார்ப்பது அங்கே பல் துலக்குவது போன்ற அன்றாடக் கடமை.

ரெய்க்யவிக்கிலிருந்து கிழக்கே செல்லும்போது சாலையின் இடப்புறம் ஒரு நீண்ட செங்குத்துப் பாறைச் சுவர் தொடர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை. கடல் இப்போது பல கி.மீ. தள்ளித் தெற்கே போய்விட்டது. அந்தப் பழைய கரையிலிருந்துதான் செல்யாலண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் என்னும் இரு அருவிகளும் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றன. முன்னதன் பின்புறம் பாறை குடைந்தாற்போல் உள்வாங்கியிருப்பதால், விழும் நீருக்குப் பின்னால் நடந்து செல்ல முடிகிறது. மாலையில் மேற்கு வானம் சிவக்கும்போது அந்தக் குடைவுக்குள் நின்று நீர்த்திரையின் ஊடாக வெளியே பார்த்து எடுப்பதே பலரும் விரும்பும் கோணம். அங்கே லென்ஸைத் துடைத்து, துணியை எடுத்த மறு நொடியே ஷட்டரை அழுத்த வேண்டும். அடுத்த நொடியில் கண்ணாடியெங்கும் திவலைகள் படிந்துவிடும். ஸ்கோகாஃபோஸ் ஒரே பலகையாக, 25 மீட்டர் அகலத்தில் விழுகிறது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திவலைகளில் வானவில் எழும். வானவில்லின் ஒளி முனைவாக்கம் பெற்றது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது என்பதால், அத்தகைய ஒளியை வடிகட்டும் போலரைசர் ஃபில்டரை ஒரு திசையில் திருப்பினால் வில்லின் நிறம் கூடும், மறு திசையில் திருப்பினால் வில்லே மறைந்துவிடும். ஃபில்டரை மாட்டிய கையோடு திருப்பிப் பார்க்காதவர்களுக்கு வானவில் ஏன் படத்தில் விழவில்லை என்பது புதிராகவே இருக்கும்.

அருவிகளை ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பத்து ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) என்.டி. என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டரைப் போட்டு முப்பது நொடி திறந்தால் நீர் வெண்புகையாகிவிடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நீரின் எடை போய்விடுகிறது. ஸ்கோகாஃபோஸின் அடியில் நிற்பவர் முதலில் உணர்வது எடையைத்தான். நெஞ்செலும்பில் அதிர்வாகவே அது கேட்கிறது. 1/8 நொடியிலிருந்து 1/4 நொடி வரை வைத்தால் நீர் இழையிழையாகப் பிரிந்து, விழும் வேகமும் தெரிகிறது, கனமும் தெரிகிறது. கீழே ஆற்றங்கரையில் ஒருவர் மழைக்கோட்டோடு நின்றிருந்தால் அவர் விலகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் இல்லாத படத்தில் 60 மீட்டர் என்பது ஆறு மீட்டராகவும் தெரியக்கூடும். ஐஸ்லாந்தின் நிலப்பரப்பில் மரங்கள் மிகக் குறைவு என்பதால் அளவை உணர்த்துவதற்கு வேறு பொருளே பல இடங்களில் கிடைப்பதில்லை.

ஸ்கோகாஃபோஸைக் கடந்த சிறிது தொலைவில் சோல்ஹெய்மாயோகுல் என்னும் பனியாறு இருக்கிறது. பட அழகை மட்டும் பார்த்தால் இதைத் தவிர்த்துவிடலாம். சாம்பல் படிந்து கறுத்த பனி, அதன் முன்னால் கலங்கிய குளம், சுற்றிலும் சரளைக் குவியல். ஆனால் இந்தப் பனியாற்றின் முனையை அருகிலுள்ள ஊர்ப் பள்ளியின் மாணவர்கள் 2010 முதல் ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். அளவுகளை எழுதிய பலகையும் நடைபாதையில் நிற்கிறது. அவர்கள் அளக்கத் தொடங்கிய காலத்தில் பனி இருந்த இடத்தில் இப்போது குளம். அந்தப் பலகையையும் பின்னணியில் தொலைவுக்குப் போய்விட்ட பனிமுனையையும் ஒரே படச்சட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவர, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை f/16 வரை சுருக்கி எடுத்த படம், இந்தப் பயணத்தில் நான் எடுத்தவற்றிலேயே மிகவும் முக்கியமானது என்று கருதுகிறேன். நாடெங்கும் பனியாறுகளின் முனைகளைத் தன்னார்வலர்கள் அளக்கும் வழக்கம் 1930 வாக்கில் தொடங்கியது. உழவர்களும் ஆசிரியர்களும் சங்கிலியும் கோலும் கொண்டு செய்ததை இன்று பிள்ளைகள் தொடர்கிறார்கள்.

விக் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கையில்தான் தொடங்க வேண்டும். திறந்த அட்லாண்டிக்கிலிருந்து வரும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, முன்னறிவிப்பின்றிக் கரைமேல் வெகுதூரம் ஏறிவிடுகின்றன. கரை கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால் காலை இழுக்கும் நீரிலிருந்து மீள்வது கடினம். பலர் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். நுழைவிடத்தில் அலைகளின் ஆபத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது காட்டும் எல்லையைத் தாண்டி ஒரு படத்துக்காகவும் போகக் கூடாது. கேமராவின் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கடல் தெரியாது என்பதால் ஒளிப்படக்காரர்களுக்கே ஆபத்து அதிகம். நான் 70–200 லென்ஸைப் போட்டுக்கொண்டு கரையின் மேட்டுப் பகுதியிலேயே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடலுக்குள் நிற்கும் ரேனிஸ்த்ராங்கர் பாறைத் தூண்கள், அவற்றின் அடியில் உடையும் அலை, முன்னால் நடப்பவர்கள் யாவரும் நெருங்கி ஒரே அடுக்காகத் தெரிகிறார்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக வருகிறது.

கருமணல் கேமராவின் ஒளியளவியைக் குழப்பிவிடும். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பது அதன் இயல்பு. படச்சட்டத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால் ஒளி போதவில்லை என்று நினைத்து மிகையாகத் திறக்கிறது. மணல் வெளிறிச் சாம்பலாகிறது, அலைநுரை வெந்துபோன வெள்ளையாகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் நுரை இடிக்காமல் பார்த்துக்கொண்டால் மணலின் கறுப்பு அதன் ஈரத்தோடு வரும். கரையை ஒட்டிய குன்றில் எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்து உருவான அறுகோணத் தூண்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மழை நனைத்த பின் அவற்றை எடுப்பதே நல்லது. உலர்ந்த பாறையில் தெரியாத நீலமும் பழுப்பும் ஈரத்தில் தெரிகின்றன, போலரைசர் மினுமினுப்பை வெட்டிவிடுகிறது.

விக்கைத் தாண்டிக் கிழக்கே போகப் போக எல்ட்ஹ்ரௌன் என்னும் பாசிவெளி விரிகிறது. இடமும் வலமும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை, மெத்தென்ற பசுஞ்சாம்பல் பாசி மூடிய மேடுகள். இந்த நிலம் 1783 ஜூனில் தொடங்கி 1784 பிப்ரவரி வரை நீடித்த லாகி எரிமலைப் பிளவின் குழம்பால் ஆனது. அந்த வெடிப்பின் நச்சுவாயுக்கள் மேய்ச்சல் நிலத்தைக் கெடுத்து, கால்நடைகளைக் கொன்று, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். இதை அறிந்தபின் அந்த வெளியைப் படமெடுக்கும் கண் மாறிவிடுகிறது. மென்மையாகத் தெரிவது பேரழிவின் மேல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மெல்ல மெல்லப் படர்ந்த தோல். ஒரு காலடி பட்டால் அந்தத் தோல் கிழிகிறது; பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். சாலையை விட்டு வண்டியை இறக்குவது ஐஸ்லாந்துச் சட்டப்படி குற்றம். நடந்து செல்பவர்களுக்கும் வகுத்த பாதையே எல்லை. அருகிலுள்ள ஃபியத்ராவ்கிலியூஃபர் பள்ளத்தாக்கு ஒரு புகழ்பெற்ற பாடகரின் காணொளியால் உலகெங்கும் பரவி, கூட்டத்தின் காலடியில் செடிகொடிகள் அழிந்து, 2019-இல் சில மாதங்கள் மூடப்பட்டது. படத்தால் வந்த புகழ் இடத்தை அழிக்கும் என்பதைப் படமெடுப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு முழம் அளவேயுள்ள பாசியை அருகில் வைத்து எடுத்த படம், அந்த வெளியைப் பற்றிப் பெரிய காட்சிகளை விட அதிகம் சொல்கிறது: மழைத்துளி தாங்கிய நுண்ணிய நட்சத்திர இலைகள், இடையே ஒரு விரல் அகலத்தில் தலைநீட்டும் கரும்பாறை, அதன் மேல் வெள்ளைத் தேமல் போன்ற பாறைப்பூஞ்சை.

செப்டம்பரில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடை முழுவதும் மலைமேல் தன்போக்கில் மேய்ந்த ஆடுகளைக் குதிரைகளின் உதவியோடு கீழே ஓட்டி வந்து, உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காலம் அது. நடுவில் ஒரு வட்டத் தொழுவம், அதைச் சுற்றிப் பூவிதழ்கள் போல் பிரியும் பட்டிகள், ஒவ்வொரு பட்டிக்கும் ஒரு பண்ணை. பெரியவர்களும் பிள்ளைகளும் கோலமிட்ட கம்பளிச் சட்டைகளோடு நடுத்தொழுவில் இறங்கி, ஆட்டின் கொம்பைப் பற்றிக் காதைத் திருப்பிப் பார்க்கிறார்கள். காதின் ஓரத்தில் வெட்டியிருக்கும் அடையாளம்தான் உரிமைப் பத்திரம். ஒரு சிறுமி தன் உயரத்துக்குச் சரியான ஆட்டின் முதுகில் கால்களை இருபுறமும் போட்டு, கொம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனாள். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அவள் தாத்தா, நான் கேமராவைக் காட்டிச் சைகையால் கேட்டதும் தலையசைத்து அனுமதித்தார். அங்கே அகல லென்ஸோடு அருகே போய் நிற்க வேண்டும், கம்பளியின் ஈர வாடை மூக்கில் படும் அளவுக்கு. நாட்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ராக்னர் அக்செல்சன் பல பத்தாண்டுகளாக ஐஸ்லாந்து உழவர்களையும் கிரீன்லாந்து வேட்டைக்காரர்களையும் கறுப்பு வெள்ளையில் பதிந்து வருபவர். அவருடைய படங்களில் காற்றும் குளிரும் மனித முகங்களின் மேல்தான் தெரியும். நிலக்காட்சி எடுக்கப் போகிறவர்கள் அவருடைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் மனிதர்களை நிலத்திலிருந்து பிரிக்காமல் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்கைதாராவ்ர்சாந்துர் மணல்வெளியில், ஸ்காஃப்டாஃபெல்லை நெருங்கும் இடத்தில், முறுக்கிப் பிழிந்தாற்போன்ற இரண்டு இரும்பு உத்தரங்கள் சாலையோரம் கிடக்கின்றன. 1996-இல் வட்னயோகுல் பனிக்கவிகையின் அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் நவம்பரில் ஒரே மூச்சில் வெளியேறியபோது, வீடளவு பனிக்கட்டிகள் மோதி அழித்த பாலத்தின் மிச்சம் அவை. 1974-இல் இந்த மணல்வெளியின் பாலங்கள் முடிந்த பிறகுதான் நாட்டைச் சுற்றும் சாலை முழு வட்டமானது. அவற்றில் நீளமான ஸ்கைதாரா பாலம் 880 மீட்டர். பனியாறு பின்வாங்கியதால் 2009-இல் அந்த ஆறே தடம் மாறி மேற்கேயுள்ள வேறொரு ஆற்றோடு கலந்துவிட்டது. பெரும் பாலத்தின் அடியில் ஏறக்குறைய வெறும் மணல். நீரில்லாத மணலின் மேல் ஓடும் அந்த நீண்ட பாலத்தைத் தட்டையான மேகமூட்டத்தில் எந்த அலங்காரமுமின்றி எடுத்தேன். பேரொளியும் சிவந்த வானமும் அந்தக் காட்சிக்குப் பொருந்தா.

யோகுல்சார்லோன் பனியேரிக்கு இந்தப் பயணத்தின் பெரும்பங்கை ஒதுக்கினேன். சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஏரி கிடையாது. பிரைடாமெர்குர்யோகுல் என்ற பனிநாக்கு பின்வாங்கத் தொடங்கி, 1930-களின் நடுவில் அது விட்டுச்சென்ற பள்ளத்தில் நீர் தேங்கலாயிற்று. இன்று அது ஐஸ்லாந்திலேயே மிக ஆழமான ஏரி. ஆழம் 240 மீட்டருக்கும் அதிகம். உடைந்து விழும் பனிப்பாளங்கள் ஏரியில் மிதந்து, கரைந்து சிறுத்து, குறுகிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகின்றன. கடல்மட்டம் தாழும்போது வற்றும் ஓதம் அவற்றை வெளியே இழுக்கிறது, பெருகும் ஓதம் கடல்நீரை உள்ளே தள்ளுகிறது. மீன்களைத் தொடர்ந்து கடல்நாய்களும் உள்ளே வந்து பாளங்களின் நடுவே தலைநீட்டுகின்றன.

இங்கே வெயிலை எதிர்பார்த்து நிற்பவர்கள் ஏமாறுவார்கள். மேகம் கவிந்த நாளே பனியின் நீலத்துக்கு உகந்தது. நூற்றாண்டுகளின் எடையால் காற்றுக்குமிழிகள் பிதுங்கி வெளியேறி இறுகிய பனி, ஒளியின் சிவப்பை விழுங்கி நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது. காற்றும் வெயிலும் பட்ட மேற்பரப்பு நாளடைவில் நுண்ணிய வெடிப்புகளால் வெளுத்துப் போகிறது. ஒரு பாளம் நிலைதடுமாறிப் புரளும்போது, அதுவரை நீருக்கடியில் இருந்த பகுதி மேலே வந்து மைக்கண்ணாடி போல் ஒளிர்கிறது. சில மணி நேரத்துக்குள் அந்தப் புத்தொளி குறைந்துவிடும். இந்த நீலத்தைத் நிறத்தைச் சமன் செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸிடம் ஒப்படைக்கக் கூடாது. நீலம் மிகையென்று எண்ணி அது மஞ்சளைச் சேர்த்துச் சமன் செய்துவிடும். பகலொளிக்குரிய 5,500 கெல்வினில் நிறுத்திவிட்டு, கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாக எடுப்பதே முறை.

ஏரி கடலைச் சேரும் இடத்தில், கருமணல் மேல் அலைகள் ஒதுக்கிய பனிக்கட்டிகள் கிடக்கின்றன. ஓதம் வற்றும் நேரத்தில் அங்கே சென்றேன். என் முழங்கால் உயரமுள்ள ஒரு கட்டி. அதன் கீழ்ப்பகுதி நீரோட்டத்தில் செதுக்கப்பட்டுச் சிறு சிறு குழிகளாக இருந்தது. நடுவில் குறுக்காக ஒரு கரிய கோடு. எப்போதோ ஓர் எரிமலை உமிழ்ந்த சாம்பல் பனியாற்றின் மேல் விழுந்து, அடுத்தடுத்த குளிர்காலங்களின் பனிக்கடியில் புதைந்து, பனியோடு ஊர்ந்து, கடற்கரைக்கு வந்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே தெளிவு, மேலே மூடுபனி போன்ற வெண்மை, ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரமாக நின்றுவிட்டிருந்தன. அலை ஏறி வந்து கட்டியைத் தழுவித் திரும்பும் கணத்தில் ஷட்டரைத் திறந்து அரை நொடி முதல் ஒரு நொடி வரை வைத்தால், பின்வாங்கும் நுரை கட்டியைச் சுற்றி வெள்ளிக் கம்பிகளாக மணலில் வரிகளிடும். அலை ஏறும்போது திறந்தால் வெறும் வெண்குழம்பு. ஒவ்வொரு அலையிலும் டிரைபாடின் கால்கள் மணலில் அமிழும் என்பதால், முதலிலேயே அவற்றை அழுத்தி நட்டுவிட வேண்டும். அலைக்கு முதுகு காட்டாமல் நிற்க வேண்டும். திரும்பியதும் கால்களின் இணைப்புகளை நல்ல நீரில் அலசாவிட்டால் உப்பும் மணலும் சேர்ந்து அவற்றைத் தின்றுவிடும். நான் எடுத்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கட்டியின் மேல்விளிம்பு உருகி வடிவம் மாறியது. முதல் படத்திலுள்ள முனை கடைசிப் படத்தில் இல்லை.

அங்கிருந்து கிழக்கே, ஹப்ன் ஊரைத் தாண்டி, ஸ்டோக்ஸ்னெஸ் முனையில் வெஸ்ட்ராஹார்ன் மலை கடலை ஒட்டி 454 மீட்டர் எழுகிறது. தனியார் நிலம் என்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு. பகலில் அங்கே புல் முளைத்த கரிய மணற்குன்றுகளை முன்னால் வைத்து எடுக்கும் படம் உலகப் புகழ் பெற்றது, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவைப் பற்றிச் சொல்லலாம். வானிலை அலுவலகம் துருவ ஒளியின் செறிவை 0 முதல் 9 வரை எண்ணிட்டு வெளியிடுகிறது. ஆனால் அந்த எண்ணை விட மேகம் விலகுமா என்பதே முக்கியம். அகல லென்ஸில் f/2.8, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, ஐந்து முதல் பத்து நொடி என்பது தொடக்க அளவு. தானியங்கிக் குவியம் இருளில் தடுமாறும் என்பதால், திரையில் ஒரு விண்மீனைப் பெரிதாக்கிக் கையாலேயே குவியம் வைக்க வேண்டும். ஒளி வேகமாக ஆடும்போது நேரத்தைக் குறைக்காவிட்டால் மடிப்புகள் எல்லாம் குழைந்து ஒரே பச்சைப் பூச்சாகிவிடும். மெல்லிய துருவ ஒளி வெறும் கண்ணுக்கு வெளிறிய சாம்பலாகவே தெரிகிறது. கேமராதான் அதன் பச்சையைத் திரட்டிக் காட்டுகிறது. ஏறக்குறைய நூறு கி.மீ.க்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் அந்தப் பச்சை உண்மையானதுதான். ஆனாலும் படத்தைத் திருத்தும்போது அதை மேலும் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிற்பாடு அங்கே செல்பவர் வானத்தைப் பார்த்து, படத்தில் கண்டது இது இல்லையே என்று குறைபட்டுக்கொள்ளும்படி ஒரு படம் இருக்கக் கூடாது.

திருத்துவதில் நான் வைத்துக்கொண்ட வரம்பு இதுதான்: ஒளியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யலாம், வானத்தை மாற்றக் கூடாது, ஆளை அழிக்கக் கூடாது, பனியின் நீலத்தைக் கூட்டக் கூடாது. ஆவணமாக நிற்க வேண்டிய படத்தில் இவை தவறு. கலைஞர் ஓலாஃபர் எலியாசன் 1999-இல் வானிலிருந்து எடுத்த ஐஸ்லாந்துப் பனியாறுகளை 2019-இல் அதே கோணங்களில் மீண்டும் எடுத்து, முப்பது இணைகளாக அருகருகே வைத்தார். ஒவ்வொரு இணையிலும் அழகு இரண்டு பக்கமும் இருக்கிறது. பனி ஒரு பக்கத்தில் குறைந்திருக்கிறது. முதல் படங்களில் நிறத்தையோ விளிம்பையோ மாற்றியிருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இருந்திருக்காது. மேற்கு ஐஸ்லாந்தின் ஓக் மலைமேல் இருந்த பனியாறு 2014-இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது. 2019 ஆகஸ்டில் அங்கே பதித்த நினைவுப் பலகையில், வருங்காலத்தவருக்கு எழுதிய வாசகத்தின் கீழே மாதம், ஆண்டு, காற்றிலிருந்த கரியமில வாயுவின் அளவு 415 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 415 பங்கு) என்று பொறித்திருக்கிறார்கள்.

ஐஸ்லாந்துக்கு முன்பே போய் வந்தவர்கள் நம்மவர்களில் பலர் இருக்கிறார்கள். மீண்டும் போகும்போது பழைய படம் ஒன்றை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். கோப்பிலுள்ள குவியத் தொலைவையே வைத்து, முன்னணியிலுள்ள அசையாத பாறை ஒன்றும் தொலைவிலுள்ள மலைமுகடும் அச்சில் எந்த இடத்தில் சந்திக்கின்றனவோ அதே இடத்தில் சந்திக்கும் வரை இடமும் வலமுமாக நகர்ந்து, பின்பு முன்னும் பின்னுமாக நகர்ந்து நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கூடுமானால் அதே மாதத்தில், அதே மணிக்கு எடுங்கள். நிழலின் நீளம் மாறினால் பனியின் விளிம்பை ஒப்பிடுவது கடினமாகும். கேமராவின் கடிகாரம் அங்குள்ள நேரத்துக்கு, அதாவது கிரீன்விச் நேரத்துக்கு, மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் அடியில் நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலைவுகள், லென்ஸின் குவியத் தொலைவு ஆகிய நான்கையும் எழுதி, இரண்டு படங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.